குருவித் தீனி

ஆகஸ்ட் 2, சிட்னி

நாளை காலை கிளம்புகிறோம். காரில் பூட்டி இழுக்கிற கேரவனில் அரிசி, பருப்பு, இட்லிச் சட்டி, அவருடைய முருகன் படம் எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாக என்னுடைய டிரம், பெரிய பானை, கிளறும் துடுப்பு. டிரம்மை ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் புவனா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னுமா விடல?" என்று கேட்டாள். "எத, மூச்சையா?" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

பின்னால் யாராவது இதைப் படித்தால் விளங்கட்டும். என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. சிட்னிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பல வருஷமாக வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சுவது இந்த நாட்டுச் சட்டப்படி சரி. தமிழ்ச் சங்கத்துப் பெண்களின் சட்டப்படிதான் தப்பு. பொங்கல் விழாச் சமையலுக்கு இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இந்த வருஷம் அவர்கள் வைத்த சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்துப்போனது என்று கேள்வி.

பிப்ரவரியில் டாக்டர் ஒரு குண்டைப் போட்டார். கோதுமையும் பார்லியும் என் குடலுக்கு ஆகாதாம். ஆயுசுக்கும் தொடக் கூடாதாம். பார்லி இல்லாமல் பீர் ஏது? "ஆண்டவனாப் பாத்து நிறுத்திட்டாரு" என்று சங்கமே சந்தோஷப்பட்டது. ஆண்டவன் பார்லி ஒன்றை மட்டுமா படைத்தான்?

வேறு தானியத்தில் முளைகட்டிக் காயவைத்த மால்ட் சிட்னியில் கிடைக்கத்தான் செய்கிறது. விலையைக் கேட்டால் நகைக்கடையில் நிற்பது போல் இருக்கிறது. அதனால்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். டுவூம்பாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். போகிற வழி முழுக்கத் தானியம் விளைகிற சீமை. மலிவாகக் கொடுக்கிற ஒருவராவது இருக்க மாட்டாரா?

மகள் நித்திலாவுக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை பிரகலாதன் அவளோடு வேலை பார்ப்பவன். அவனுடைய அப்பா அம்மா திருப்பூரிலிருந்து மாதக் கடைசியில் வருகிறார்கள். நாள் குறிக்க வேண்டும். சாயங்காலம் நித்திலா போன் செய்தாள். "அம்மா, அவங்க இருக்கும்போது அந்த டிரம் கண்ணுல படவே கூடாது. ப்ளீஸ்."

ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வீட்டில் ஓர் இரைச்சலும் இல்லை.

ஆகஸ்ட் 5, டாம்வொர்த்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான கடை ஒன்று இங்கே இருக்கிறது. கடைக்காரர் என்னைத் தாண்டி அவரிடம், "என்ன மாதிரி பீர் காய்ச்சுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அவர் என்றால் என் கணவர் கழுகாசலம். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மது நாக்கில் பட்டதில்லை. கிருத்திகை தவறாமல் விரதம். பீர் வாடை வந்தால் திருநீற்றை இன்னொரு தடவை பூசிக்கொள்வார். இன்னொரு குறையும் உண்டு, பொய் சொல்ல வராது. ஒரு தடவை வேலைக்கு லீவு கேட்கும்போது, "உடம்புக்கு ஒண்ணுமில்ல, போக மனசில்ல" என்று மேலதிகாரியிடம் சொன்ன மனுஷர்.

"நான் டிரைவர். காய்ச்சுறது அவள்" என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்லி அல்லாத மால்ட் இருந்தது. அதே நகைக்கடை விலை. அதற்குப் பிறகும் விவரமெல்லாம் அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆகஸ்ட் 6

இயற்கை உணவுக் கடை. மில்லட் என்று எழுதி வைத்திருந்தார்கள். உமி நீக்கியது. உமி போனால் முளைக்காது. முளைக்காததை வைத்து நான் என்ன செய்ய, பொங்கல் வைக்கவா?

ஆகஸ்ட் 7

பஞ்சாபிக்காரர் ஒருவரின் மளிகைக் கடையில் முழுக் கேழ்வரகு கிடைத்தது. சின்னச் சின்னப் பொட்டலம்தான். இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டேன். "வீட்டில் குழந்தையா?" என்று கேட்டார். "ஆமாம், முப்பது லிட்டர் குழந்தை" என்று தமிழில் சொன்னேன். தலையாட்டினார்.

கேழ்வரகை முளைகட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நித்திலா பிறந்தபோது மாதம் ஒரு தடவை செய்திருக்கிறேன். ஊறப்போட்டாயிற்று. இரவில் குளிர் கடுமை என்பதால் துணி மூட்டையை அவருடைய கம்பளிக்குள் வைத்தேன். "அப்ப எனக்கு?" என்றார். ஸ்வெட்டரைக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, நாராப்ரை

போச்சு. எல்லாம் போச்சு.

முளை அழகாக வந்திருந்தது. வெயிலில் காயவைத்து, வேர் போகத் தேய்த்து, வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து அரைத்தேன். அந்த வாசத்துக்குப் பக்கத்து கேரவன் கிழவர்கூட வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சம் முழுத் தானியத்தைக் கூழாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, மாவைக் கலந்து மூடினேன். முளைத்த தானியத்துக்குள் மாவைச் சர்க்கரையாக்குகிற சக்தி இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கூழ் இளகித் தித்திக்க வேண்டும். தித்தித்தால்தான் ஈஸ்ட் தின்னும். தின்றால்தான் பீர்.

தித்திக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் விட்டேன். கூழ் கூழாகவே இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் காய்ச்சியவள் நான். துடுப்பைத் தூக்கி எறிந்தேன். அவர் எடுத்துக் கழுவி வைத்தார். மோர் ஊற்றி அந்தக் கூழையே இரவுச் சாப்பாடாக்கினார். "உப்பு மட்டும் கம்மி" என்றார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. வறுத்ததுதான் தப்பு.

குழந்தைக்குச் செய்யும்போது வறுப்போம். வாசத்துக்கும், சீக்கிரம் செரிப்பதற்கும், மாவு கெடாமல் இருப்பதற்கும். பார்லியில் கடையிலிருந்து வந்த மால்ட்டை அப்படியே போட்டுப் பழகிவிட்டேன். கையில் கேழ்வரகைப் பார்த்ததும் என் கை பழைய வழியில் போய்விட்டது. சூட்டில் அந்தச் சக்தி செத்துப்போகும். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாசம் பிடித்துக்கொண்டு கிளறியிருக்கிறேன். நம் பெண்பிள்ளைகளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

சரி, வெயிலில் காயவைத்தால் போதும். ஆனால் கேழ்வரகு தீர்ந்துவிட்டது. நித்திலா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சார்ஜ் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 14, மோரீ

விதைக் கடை. சோளம் மூட்டை மூட்டையாக இருந்தது. நான் நினைத்ததைவிட விலை குறைவு. ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளே எல்லாம் ரோஸ் நிறம். பூச்சிமருந்து தடவிய விதை. விதைக்கலாம், வாயில் வைக்கக் கூடாது. கடைக்காரப் பையனே பதறிப்போய் மூட்டையைக் கட்டினான்.

அவர் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்து, "வல்லி, விட்டுருவமா?" என்று கேட்டார்.

"எத?"

"இந்தத் தேடல."

"நீங்க விரதத்த விடுங்க, நான் இத விடுறேன்" என்றேன். துண்டை உதறிக் காயப்போட்டார். அப்புறம் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, குண்டிவிண்டியில் போட்டால் டீசல் மலிவு என்றார். டாங்கில் பாதிக்கு மேல் இருந்தது. டீசல் எங்கேயும் ஒரே விலைதான்.

ஆகஸ்ட் 16, குண்டிவிண்டி

டீசல் போடப் போன இடத்துக்கு அடுத்தாற்போல் ஒரு பெரிய தகரக் கொட்டகை. பறவைத் தீவனம் சுத்தம் செய்து மூட்டை கட்டுகிற இடம். "ஏதோ தானியம்னு போட்டிருக்கு" என்றார் தற்செயலாகப் பார்த்தவர் போல. அவருடைய போனில் அந்த இடத்தின் படம் திறந்தே இருந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே போகும் முன் சொல்லி வைத்தேன்: "குருவி வளக்கோம்னு சொல்லுங்க. ஊர்க்கதையெல்லாம் வேண்டாம்."

கொட்டகைக்காரி பெயர் மார்லீன். என் வயதுதான் இருக்கும். முழங்கை வரைக்கும் தவிடு. குவியலிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினாள். உருண்டை, வெளிர் மஞ்சள், பளபளப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனிவரகு! உமியோடு, மருந்து படாமல், கிளிக்கும் குருவிக்கும் போட மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

"எத்தனை பறவை வைத்திருக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டாள்.

"ஒன்றும் இல்லை" என்றார் என் வீட்டுத் தருமர். "என் மனைவி பீர் காய்ச்சுகிறாள்."

மார்லீன் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "இதிலா?"

"இதில்தான்" என்றேன். "முளைத்தால்."

"முளைக்காத தானியத்தை நான் விற்பதில்லை" என்று முறைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் குவியலின் மேலேயே உட்கார்ந்து பேசினோம். எது புதுசு, எது போன வருஷத்தது, எதில் தூசி அதிகம் எல்லாவற்றையும் அள்ளி அள்ளிக் காட்டினாள். விலை பார்லியைவிடக் குறைவு. ஒரு மூட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு வேண்டியதை மாதக் கடைசி வரை ஒதுக்கி வைப்பதாகச் சொன்னாள். அதற்குள் காய்ச்சிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காரில் ஏறியதும், "ஒரு குருவிகூடவா வளக்க முடியல உங்களால?" என்று கேட்டேன்.

"வாய் வரல" என்றார்.

ஆகஸ்ட் 18, டால்பி

முளைவிட்டுவிட்டது. குளிக்கிற இடம் முழுக்க மூட்டை. இரண்டு நாளாக நாங்கள் பொதுக் குளியலறையில் வரிசையில் நிற்கிறோம்.

ஆகஸ்ட் 20

தார்ப்பாயில் காயப்போட்டேன். தீபாவளி ஜவுளி எடுக்க வந்த கூட்டம் போல் ரோஸ் கிளிகள் வந்து இறங்கின. இது குருவித் தீனி என்று அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது. அவர் குடையும் பாராயணப் புத்தகமுமாகப் பாயின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சத்தமாகப் படித்தால் கிளி வருவதில்லையாம். மூன்று வேளை பூஜையும் அங்கேயேதான். போகிறவர்கள் எல்லாரும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வறுக்கவில்லை. வாணலியை வெளியில் எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 21

தித்திக்கிறது!

கூழ் கண்ணெதிரே இளகித் தண்ணீராயிற்று. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டேன். தேன். இன்னொரு கரண்டி எடுத்து அவரிடம் நீட்டினேன். ஈஸ்ட் போடவில்லை, இன்னும் மது இல்லை என்று சத்தியம் செய்த பிறகு குடித்தார். யோசித்தார். "ஏலக்காய் போட்டிருக்கலாம்" என்றார்.

பிப்ரவரியிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன். இத்தனை நாள் இதை எழுதவில்லை. என் கையை விட்டு இது போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை.

வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி டிரம்மை மூடினேன். மூடியில் காற்று வெளியேறும் சின்னக் குழாய் நாளைக் காலையிலேயே கொப்பளிக்கத் தொடங்கிவிடும்.

ஆகஸ்ட் 24

நித்திலாவிடம் சொல்லிவிட்டேன். டிரம் நிரம்பியிருக்கிறது, கொப்பளிக்கிறது, அதோடுதான் வருகிறோம் என்று.

"கீழ ஊத்திட்டு வாம்மா."

"மாட்டேன்."

"ஒரு வாரம்மா. ஒரே ஒரு வாரம் நீ மத்த அம்மா மாதிரி இருக்கக் கூடாதா?"

மத்த அம்மா எல்லாம் எப்படி இருப்பார்கள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, அது வெயில். மார்லீனுக்கு போன் செய்து, தித்தித்துவிட்டது, மூட்டைகளை வைத்திரு என்று சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் காது அடைத்தது.

ஆகஸ்ட் 27, டுவூம்பா

வரிசையாக எழுதுகிறேன்.

டிரம்மைக் கேரவனுக்குள் கயிறு போட்டுக் கட்டி, குண்டு குழி பார்த்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். சம்பந்தி வீட்டார் வாசலிலேயே நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராமலிங்கம், அம்மா தனபாக்கியம். "ஊடே கூட வருதுங்களே!" என்று கேரவனைப் பார்த்து ஆச்சரியப்பட்டுத் தனபாக்கியம் உள்ளே ஏறிவிட்டார். பின்னாலேயே எல்லாரும். நித்திலா என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிரம் கொப்பளித்தது.

"இதென்னங், கொப்பு கொப்புன்னு சத்தம்?"

"தண்ணி டிரம் அத்தை" என்றாள் நித்திலா. தண்ணி கொப்பளிக்குமா? தனபாக்கியம் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அது பீருங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்னோடது. நான்தான் காய்ச்சுறேன். பழக்கமாயிருச்சு."

நெற்றியில் பட்டை திருநீறு. 

ராமலிங்கம் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு வெடித்துச் சிரித்தார். "அட, நம்மாளுதானுங்களா சம்பந்தி! திருநீத்தப் பாத்து நான் பயந்தே போயிட்டனுங்!" என்று தோளில் கை போட்டார். தனபாக்கியமும், "ஆம்பளைகன்னா இருக்கறதுதானுங்" என்று சிரித்தார். நித்திலாவுக்கு உயிர் வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. காபி சாப்பிடலாம் என்று திரும்பினார்கள்.

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. அவருடையது என்றால் சிரிப்பு. அவ்வளவு சுலபம்.

"அவுகளோடது இல்லைங்க" என்றேன். "என்னோடது. அவுக ஒரு சொட்டு தொட்டதில்ல. நான்தான் காய்ச்சுறேன், நான்தான் குடிக்கிறேன். சாயங்காலம் ஒரு டம்ளர்."

ராமலிங்கத்தின் கை அவர் தோளை விட்டு இறங்கியது.

"எங்க பக்கம் பொம்பளைகளுக்கு இதெல்லாம் ஆகாதுங்" என்றார் தனபாக்கியம்.

"உங்க வீட்டுக்கு நான் கொண்டு வர மாட்டேங்க. எங்க வீட்டுக்கு நீங்க வந்தா இருக்கும். ஒளிச்சு வைக்க மாட்டேன்."

கூடத்தில் காபி குடித்தோம்.  மேசைமேல் எடுத்து வைத்திருந்த பஞ்சாங்கத்தை ராமலிங்கம் திறக்காமலே பைக்குள் வைத்தார்.  பிரகலாதன் அப்பாவைப் பார்த்தான், பையைப் பார்த்தான், எழுந்துபோய் எல்லா டம்ளரையும் கழுவினான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நித்திலா கேரவனுக்கு வந்தாள்.

"அப்பா சொன்னதோட விட்டிருக்கலாம்லம்மா?"

"விட்டிருக்கலாம்."

"என் கல்யாணம்மா அது!"

"அதனாலதான்டி. அப்பா சொன்னா தோள்ல கை. நான் சொன்னா பஞ்சாங்கம் பைக்குள்ள. நாளைக்கு உன்னையும் எதையாவது ஒளிக்கச் சொல்லுவாக. ஒவ்வொண்ணுக்கும் பிரகலாதன் வந்து என்னோடதுன்னு சொல்லிக்கிட்டு நிப்பானா?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

இவர் மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். "கோவமா?" என்று கேட்டேன்.

"அறுபத்தி மூணு வயசுல இப்பத்தான் ஒரு பொய் சொன்னேன்" என்றார் சுவரைப் பார்த்தே. "அதுவும் நல்லாச் சொன்னேன். ஒரு காபி குடிக்கிற நேரமாவது நிக்க விட்டியா அத?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையாயிற்று. நான் அழுதேன் என்று எழுதியே வைக்கிறேன். இத்தனை வருஷமாக இந்த மனுஷர் என் டிரம்மைச் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றுபோனால் நித்திலா என்னை மன்னிக்க மாட்டாள். அதுவும் தெரியும். ஆனாலும் நாளைக்கு அதே கேள்வியைக் கேட்டால் அதே பதில்தான்.

ஆகஸ்ட் 28

விடிந்து வெகுநேரமாகியும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் படுத்திருந்தேன். அவர் பூப்பறிக்கப் போயிருந்தார். கேரவன் வாசலில் பேச்சுக் குரல். ஜன்னல் திரை மூடியிருந்தது.

"நேத்து தண்ணி டிரம்முன்னு சொன்னது நான்தான் அத்தை. அது பொய்" என்றாள் நித்திலா.  "உள்ள இருக்கிறது எங்கம்மா காய்ச்சுற பீர். அம்மாக்கு பார்லி ஒத்துக்காது. எல்லாரும் விட்டுருன்னாங்க. நானும்தான் சொன்னேன். அம்மா விடல. அப்பா இப்பத்தான் எல்லாம் சொன்னாரு. ஊர் ஊராத் தேடி, பறவைக்குப் போடற தானியத்த வாங்கி, அவங்களே முளை கட்டி, வெயில்ல காயவச்சு செஞ்சிருக்காங்க. எங்கம்மா இப்படித்தான் அத்தை. நானும் இனிமே ஒளிக்கப் போறதில்ல."

 நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

"முளை கட்டறதுன்னா, நாம கொழந்தைக்குக் கட்டறமே, அதாட்டமா?" என்று தனபாக்கியம் கேட்டார்.

"அதே மாதிரிதான் அத்தை. ஆனா வறுக்கக் கூடாதாம்."

"என்ன தானியமுங் கண்ணு?"

"கம்பு."

எனக்குப் பொறுக்கவில்லை. "கம்பு இல்லடி, பனிவரகு!" என்று படுக்கையிலிருந்தே கத்தினேன்.

வெளியே தனபாக்கியம் சிரிப்பது கேட்டது. அப்புறம் அவர் சொன்னார்.

"உங்கம்மா எந்திரிச்சுட்டாங்களாட்ட இருக்குது. காபி குடிச்சுப்போட்டு வரச் சொல்லு. மாமாவ பஞ்சாங்கத்த எடுக்கச் சொல்றேன். நாள் குறிக்கோணும்."

நான் அவசரப்படவில்லை. தலையை வாரி, சேலையை நிதானமாகக் கட்டிக்கொண்டுதான் இறங்கினேன்.